ஒரு மில்லிமீட்டர் மிச்சம்

சிதறால் மலைக்கோவிலுக்கு ஏறுகிறவர்கள் சமணச் சிற்பங்களைப் பார்த்து முடித்ததும் பாறை விளிம்புக்கு வருவார்கள். கீழே விரிந்து கிடக்கும் பச்சையைப் பார்த்து, "எவ்வளவு பெரிய காடு!" என்று வாய் பிளப்பார்கள். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பூரிப்பு தாங்காது. அந்தப் பச்சையில் பெரும்பங்கு ஆள் நட்டு, ஆள் பார்த்து வளர்த்த மரம். ரப்பர், ஊடே தென்னை, அயனி, பலா, புளி. அதில் ஒரு சிறு துண்டு எங்களுடையது. அங்கே நான் பால் வெட்டுகிறேன். பக்கத்து விளைகளிலும், அதாவது தோட்டங்களிலும், கூலிக்கு வெட்டுகிறேன். மரத்தோடு செய்கிற வேலைகளில் இதைவிட நல்ல வேலை உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன், யாரும் கேட்பதாக இல்லை. எனவே நானே சொல்லிவிடுகிறேன்.

மரத்தொழில் என்றதும் பலருக்கு ரம்பமும் லாரியும்தான் கண்ணில் வரும். ஒரு மரம், ஒரு வெட்டு, ஒரு விலை, அதோடு கணக்கு முடிந்தது. ரப்பரில் கணக்கே வேறு. ஏழு வயதில் வெட்டத் தொடங்கினால் மரத்துக்கு முப்பது வயது ஆகும்வரை வருஷத்துக்கு நூறு தடவைபோலக் கத்தி வைக்கிறோம். மரம் நின்ற இடத்தில் நின்றபடியே கொடுக்கிறது. கத்தி பட்ட இடம் மூடி, புதுப்பட்டை கட்டி, சில வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்டக் கிடைக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்குவதில்லை.

என் அப்பா பனையேறி. விளவங்கோடு பக்கத்தில் ரப்பர் இவ்வளவு பரவுவதற்கு முன்னால் பனைதான் பல வீடுகளுக்கும் சோறு போட்டது. காலையும் மாலையும் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டு, கலயத்தில் அக்கானி இறக்குவார். அம்மா அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவாள். பாளையைத் தடியாகச் சீவினால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்பாவின் கைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகி ரப்பர் வீட்டுக்கு வந்தபோது மரம்தான் மாறியிருந்தது, கணக்கு மாறவில்லை.

எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லித் தந்தது என் மாமி. ரப்பர் வாரியம் நடத்தும் பால்வெட்டுப் பயிற்சிக்கு அதன் பிறகுதான் போனேன். அங்கே காரணங்களைத் தெரிந்துகொண்டேன், கை பழகினது மாமியிடம்தான். முதல் நாள் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "தடியில கத்தி படப்பிடாது, கேட்டியா மக்களே. மத்ததெல்லாம் பெறவு படிச்சுக்கலாம்." தடி என்றால் எங்கள் ஊரில் பட்டைக்கு உள்ளே இருக்கிற மரம்.

ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடுகிற நுண்ணிய குழாய்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. வெளிப்பட்டையில் அவை அருகிப்போய்க் கிடக்கும். உள்ளே போகப்போக நெருக்கம் கூடும். மிகவும் நெருக்கமான வரிசைகள் தடியை ஒட்டினாற்போல இருக்கின்றன. தடிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய வளர்படலம் உண்டு. உட்பக்கம் தடியையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். கத்தி அதைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி, முண்டு முண்டாக வீங்கி ஆறும். பிற்காலத்தில் அங்கே கத்தி ஓடாது. ஆழமாகப் போகப்போகப் பால் கூடும், ஆனால் கடைசி ஒரு மில்லிமீட்டரைத் தொடக் கூடாது. அந்த ஒரு மில்லிமீட்டரை இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒன்று விடாமல் மிச்சம் வைப்பதுதான் எங்கள் தொழில். ஒரு மரத்தில் பட்டை தடிப்பாக இருக்கும், அடுத்ததில் மெலிசாக இருக்கும். ஒரே மரத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. அளவுகோல் வைத்துப் பார்க்க நேரம் ஏது? கத்தி போகிற சத்தமும் கைக்குத் தெரிகிற கனமும்தான் சொல்ல வேண்டும். சொல்லும், சத்தியமாகச் சொல்லும்! பழகிய கைக்கு மட்டும்.

வெட்டின் சாய்வும் ஏனோதானோ அல்ல. மரத்தின் முன் நின்றால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் இறங்க வேண்டும். பால்குழாய்கள் நேராக நிற்காமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றைக் குறுக்கே சந்திப்பதால் கூடுதல் குழாய்கள் திறக்கும். அமேசான் காட்டில் கோடாலியால் கொத்தி மரத்தைப் புண்ணாக்கிப் பால் எடுத்த காலம் ஒன்று இருந்தது. 1876ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு விதை கொண்டுபோனார். அந்த வழியில் வந்த மரங்களை வைத்துக்கொண்டு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி செய்த சோதனைகளில்தான், போட்ட வெட்டையே திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவும் இந்த முறை உருவானது. ரிட்லி என்ற அந்த மனிதருக்கு எங்கள் ஊர் முச்சந்தியில் ஒரு சிலை வைத்தாலும் தகும் என்று மனதார நினைக்கிறேன்.

விடியற்காலை வேலை எப்படி இருக்கும் என்று ஒரு மரத்தைக் காட்டிச் சொல்கிறேன். முந்தின வெட்டில் வழிந்து உலர்ந்த பால், வெட்டுக்கோட்டில் நீள வாராக ஒட்டியிருக்கும். அதை முனையில் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அது ஒட்டுப்பால். அதற்கும் விலை உண்டு, அதனால் இடுப்பில் கட்டிய சாக்குக்குள் போகும். சிரட்டையின் அடியில் உறைந்திருப்பதையும் சுரண்டி எடுத்துவிட்டு, சிரட்டையை நிமிர்த்தி வைப்பேன். கத்தியை மேல்முனையில் பொருத்தி, உடம்பை மரத்தோடு திருப்பிக்கொண்டே இழுப்பேன். கை இழுக்கக் கூடாது, கால் நகர வேண்டும். மாமி முதல் மாதம் முழுக்க என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ரூபாய் நாணயத் தடிமனில் பட்டை சுருண்டு விழும். சீவிய கோட்டில் வெள்ளைப் பொட்டுகள் அரும்பும், பொட்டுகள் சேர்ந்து கோடாகும், கோடு சரிவில் இறங்கும், தகரச் சில்லு வழியாகச் சிரட்டையில் முதல் சொட்டு விழும். அதற்குள் நான் அடுத்த மரத்துக்குப் போயிருப்பேன். ஆனாலும் அந்த முதல் சொட்டுச் சத்தத்தைக் கேட்காமல் நகர எனக்கு மனசு வராது.

ஏன் இருட்டில் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய், பால்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் குறையும். விடிவதற்கு முன்னால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பால் தாராளமாக ஓடும். வெட்டி முடித்துத் திரும்பிப் பார்க்கையில் கிழக்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியத் தொடங்கும். அப்புறம் கட்டன் சாயா. பால் ஓட்டம் நிற்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, வாளியோடு மறுபடி விளைக்குள் இறங்குவோம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைய வேலையில் பாதி முடிந்துபோகிற சந்தோஷம் எந்த ஆபீஸில் கிடைக்கும், சொல்லுங்கள்?

எடுத்து வந்த பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் ஆசிட் கலந்து வைத்தால் உறையும். பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் நீர். மறுநாள் உறைந்த கட்டியை மெஷினில் விட்டு அழுத்தி, வரி போட்டு, கொடியில் தொங்கவிட்டு, பிறகு புகைப்புரையில் ஏற்றுவோம். தேங்காய்த் தொண்டும் ரப்பர் விறகும்தான் எரிபொருள். நாலைந்து நாள் புகையில் வெள்ளை ஷீட் தேன்நிறத்துக்கு வந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடுருவித் தெரியும். அந்த வாசனை சிலருக்கு ஆகாது. எனக்கு அது வீட்டு வாசனை. நாலாந்தரம் என்று சந்தை சொல்வதுதான் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அளவுகோல், அந்தத் தரத்து விலைதான் நாளிதழில் வரும். கருப்புப் புள்ளியோ குமிழோ இல்லாமல் அதைவிட மேல்தரத்தில் ஷீட் எடுத்து, கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டும்போது கிடைக்கும் பெருமைக்கு விலை கிடையாது.

இதெல்லாம் கைவேலை. நான் கொண்டாடுவது அதற்குப் பின்னால் இருக்கும் நீண்ட கணக்கை. தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் மரம் திறக்கிறோம். அங்கிருந்து பாதிச் சுற்றில் சீவிச் சீவி இறங்கினால் ஒரு பக்கம் தீர ஐந்தாறு வருஷம். பிறகு மறுபக்கம், இன்னொரு ஐந்தாறு வருஷம். அதற்குள் முதல் பக்கத்தில் பட்டை மறுபடி தடித்து நிற்கும். அங்கே திரும்பப் போகலாம், பின்னர் அதன் மறுபக்கத்துக்கும். ஒரு மரத்தில் நாலு முறை சுற்றி வரலாம், முதல் சுற்றில் தடியைத் தொடாமல் வெட்டியிருந்தால். மூன்றாவது சுற்றில் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடும்போது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மரத்தை வெட்டியவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மாமி வெட்டிய மரங்களின் மறுபட்டை அவ்வளவு மட்டமாக இருக்கும். மரத்தைத் தடவிப் பார்த்தாலே அவள் கை தெரியும்.

நாள்கணக்கும் அப்படித்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது பழைய வழக்கம். மூன்று நாளைக்கு ஒரு முறை போதும் என்றும், மரத்துக்கு ஊக்கமருந்து பூசி வாரம் ஒரு முறை வெட்டினாலும் கட்டுபடியாகும் என்றும் ரப்பர் வாரியம் சொல்கிறது. எங்கள் பக்கம் பெரும்பாலும் நிற்பது ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற இனம். கோட்டயத்து ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980ல் வெளியிட்டது, நாங்கள் நூற்றஞ்சு என்போம். பால் கொட்டும் மரம், ஆனால் அளவுக்கு மீறி எடுத்தால் தாங்காது. வெட்டிய கோட்டில் பாதி வெள்ளையாகவும் பாதி உலர்ந்தும் நிற்கத் தொடங்கும். பட்டை மரத்துவிட்டது என்று அர்த்தம். சில மரங்கள் ஓய்வு கொடுத்தால் திரும்பி வரும், பல மரங்கள் வராது. 2011ல் கிலோ விலை 240 ரூபாயைத் தொட்டபோது தினமும் வெட்டச் சொன்ன முதலாளிகள் இருந்தார்கள். 2016 தொடக்கத்தில் விலை நூறுக்கும் கீழே விழுந்தபோது அதே தோட்டங்களில் பால் வராத மரங்கள் வரிசையாக நின்றன. 2024 ஆகஸ்டில் விலை மறுபடி 240ஐத் தாண்டியது. அன்றைக்கு வாரி எடுக்க முடிந்தது, நடுவிலே பொறுத்திருந்தவர்களால்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பருவத்துக்கு வருகிறேன். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்க்கும். பச்சையாக இருந்த விளை மஞ்சளாகி, செம்பட்டையாகி, ஒரு காற்றில் முழுக்கக் கொட்டிவிடும். விளைக்குள் நடந்தால் முழங்கால் வரை சருகு சரசரக்கும். மலைக்கோவிலிலிருந்து பார்த்தால் அந்தச் சில வாரம் எங்கள் ஊரின் முகமே வேறு. அடுத்து தளிர் வரும், செம்பு நிறத்தில், பளபளப்பாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. இந்தக் காலத்தில் பால்வெட்டை நிறுத்திவிடுவோம். மரம் தன்னிடம் இருப்பதை எல்லாம் இலைக்குக் கொடுக்கிற நேரம், அதில் நாம் கைவைக்கக் கூடாது. கூலி இல்லாத வாரங்கள்தான், கையைக் கடிக்கும். ஆனால் அப்போதுதான் தேன்பெட்டிகள் வந்து இறங்கும்.

ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை! ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாக விரியும். அந்த மூன்றும் காம்பில் சேரும் மூட்டில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தளிர் முற்றி வரும் சில வாரங்கள் அந்தச் சுரப்பியில் இனிப்புநீர் துளிர்க்கும். தாழ்ந்த கிளையை வளைத்து, அந்த மூட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், இனிப்பு தெரியும். கோடிக்கணக்கான இலைகள், ஒவ்வொன்றிலும் அந்தத் துளி. தேனீக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டு அண்ணன் தென்னந்தோப்பிலிருந்து பெட்டிகளை ராத்திரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் விளையில் வரிசையாகக் காலில் நிறுத்துவார். விடிந்தால் விளை முழுக்க ஒரே ரீங்காரம். சட்டங்களை உருவி, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, டிரம்மில் போட்டுச் சுற்றினால் சுவரில் தெறித்து வழியும். கத்தியில் மிஞ்சியதை வழித்து முதல் வாய் எனக்குத் தருவார்: "விளைக்காரிக்குப் பாட்டம்" என்பார், குத்தகை என்று அர்த்தம்.

மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் அறிந்த தேனின் பின்னால் இருப்பது எங்கள் ரப்பர் விளைகள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் தொடங்கிய ஸ்பென்சர் ஹேட்ச் காலத்திலிருந்து பெட்டியில் தேனீ வளர்ப்பது இங்கே குடிசைத் தொழிலானது. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து, புழுக்கள் பையாக வீங்கிச் செத்து, தென்னிந்தியா முழுக்கக் கூட்டங்கள் அழிந்தன. வெறும் பெட்டிகளோடு நின்றவர்கள், தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்து மீண்டும் பெருக்கினார்கள். 2023ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று நாளிதழை உரக்க வாசித்தார். என் விளைக்கும் அதில் பங்கு உண்டு என்று எனக்கு உரிமையோடு ஒரு சந்தோஷம்.

தேனீ வந்ததால் எங்கள் விளையின் தரையும் மாறியது. முன்பு களைக்கொல்லி அடித்து அடியில் ஒரு புல் இல்லாமல் மொட்டையாக வைத்திருப்போம். அதுதான் சுத்தம் என்று நினைப்பு. அண்ணன்தான், "அடிக்காதே பிள்ளே, ஈ செத்துப்போவும்" என்று சொல்லி நிறுத்தினார். இளமரங்களுக்கு நடுவே மூடுபயிர்க் கொடி விட்டோம். அவரை இனத்துக் கொடி அது, வேரில் தழைச்சத்தைப் பிடித்துவைக்கும், தரையை மூடி மழையடியைத் தாங்கும். எங்களுக்கு இரண்டு மழை, இடவப்பாதியும் ஐப்பசி மழையும். சிதறால் சுற்றிலும் சரிவு நிலம். மழைக்குத் தரை மொட்டையாக இருந்தால் மேல்மண் முழுக்கக் கோதையாற்றுக்கும் குழித்துறை ஆற்றுக்கும் போய்விடும். கய்யாலை கட்டி, தட்டுத் தட்டாக மண் வெட்டி, இடையிடையே நீர் தங்கும் குழி எடுத்து வைத்தால் மரத்தின் காலடியிலேயே மண் நிற்கும். கய்யாலை கட்டுகிற கைவேலை தனிப் பெருமை கொண்டது. சாந்து இல்லாமல் கல்மேல் கல் பொருத்தி நாலு தலைமுறை நிற்கும்படி கட்டுகிற மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு நின்று ஒரு நாள் கல் எடுத்துக் கொடுத்தால் போதும், வேலை என்றால் என்ன என்று தெரிந்துபோகும்.

கய்யாலை ஓரத்தில் ரப்பர் வேண்டாம் என்பது எங்கள் வீட்டுத் தீர்மானம். அங்கே அயனியும் பலாவும் தேக்கும் நிற்கின்றன, அயனிமேல் நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கிறது. அயனி எழுபது எண்பது அடி நேராக ஏறும், கதவுக்கும் நிலைக்கும் படகுக்கும் அதன் தடிதான் கேட்பார்கள். சித்திரையில் அயனிப்பழம் விழத் தொடங்கினால் பிள்ளைகளும் வவ்வாலும் ஒரே நேரத்தில் வருவார்கள். ரப்பர் மட்டும் நிற்கும் தோட்டத்தில் பறவைச் சத்தம் குறைவு, அது உண்மை. ரப்பர் விளை ஒருநாளும் காட்டுக்கு ஈடாகாது. நமக்கு மேலே பேச்சிப்பாறைக்கும் கோதையாற்றுக்கும் அப்பால் 2008ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உண்மையான காடு நிற்கிறது. அதன் வாசலில் நிற்கும் தோட்டங்கள் நாங்கள். வாசலில் இருக்கிறவர்கள் ஓரத்தில் நாலு நாட்டு மரம் விட்டால் குயிலும் கொண்டைக்குருவியும் இறங்கி வரும். முள்ளம்பன்றியும் வரும், இளம்பட்டையைக் கடித்துவைக்கும். அது வேறு விஷயம்!

இந்த ஓர மரங்கள் எதற்கு உதவின என்று ஒக்கிப் புயல் காட்டியது. 2017 நவம்பர் 30. மாவட்டம் முழுக்க லட்சக்கணக்கான ரப்பர் மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. எங்கள் விளையில் ஓரத்து அயனிகளுக்குப் பின்னால் இருந்த வரிசைகள் பெரும்பாலும் நின்றன, திறந்த மேற்குச் சரிவு முழுக்க நடுத்தண்டில் முறிந்து கிடந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அழாத வீடு கிடையாது. மரத்தை எடுக்க ஆள் இல்லை, எல்லோருடைய மரமும் ஒரே நேரத்தில் கிடந்ததால் தடிக்கு விலையும் இல்லை. ரப்பர்த் தடியில் மாவுச்சத்து அதிகம். வெட்டிச் சில நாளில் அறுத்து மருந்தேற்றாவிட்டால் பூசணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். வழக்கமாக முப்பது வயதான மரத்துக்குக் கடைசி வருஷங்களில் கடும்வெட்டு போட்டு, பிறகு மொத்தமாகச் சாய்த்து, பெரும்பாவூர்ப் பிளைவுட் மில்களுக்கு ஏற்றிவிடுவோம். அந்தக் காசுதான் மறுநடவுக்கு முதல். ஒக்கியில் அந்த முதலும் போயிற்று.

ஆனாலும் நட்டோம். அடுத்த வருஷம் ஆனி மழையில் குழியெடுத்து நட்டது என் கண்முன்னே நிற்கிறது. ஊரில் ஒருவருக்கொருவர் ஆள்மாற்றி வேலை செய்தோம். இன்று உங்கள் விளை, நாளை என் விளை. முதல் மூன்று வருஷம் வரிசைகளுக்கு இடையே ஏத்தன், மட்டி வாழைகளும் கைதச்சக்கை என்கிற அன்னாசியும் போட்டோம், அந்த விளைச்சல்தான் வீட்டை ஓட்டியது. நிழல் கூடக்கூட வாழை ஒதுங்கியது, விளை மரத்தின் வசமானது. வெறும் சரிவாகக் கிடந்த இடம் தலைக்குமேல் மூடிக்கொண்டதை நாள்தோறும் பார்க்கக் கிடைத்தவள் நான். இதை எத்தனை பேருக்குப் பார்க்கக் கிடைக்கும்!

ஐரோப்பாவிலிருந்தும் இப்போது எங்கள் விளையை எட்டிப் பார்க்கிறார்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரை அங்கே விற்கக் கூடாது என்று 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்தது. மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப்பனை, சோயா, மரம் இவற்றோடு ரப்பரும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த நிலத்தில் விளைந்தது என்று புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். சிலர் இதைத் தொந்தரவு என்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. எங்கள் விளைகள் தலைமுறைகளாக விளைகளாகவே இருப்பவை, மறைக்க ஒன்றும் இல்லை. கிளாஸ்கோவிலோ பாரிசிலோ ஓடுகிற ஒரு டயரில் எங்கள் சிரட்டைப் பாலும் இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சிதறால் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை.

ஒக்கிக்குப் பிறகு நட்ட மரங்களை 2025ல் திறந்தோம். நூறு மரத்தில் எழுபது மரமாவது ஐம்பது சென்டிமீட்டர் சுற்றளவு எட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மாமி நூல் பிடிக்க, நான் அளக்க, என் நாத்தனார் மகள் எட்டிய மரங்களில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். எழுபதுக்கு மேலேயே வந்தது. அச்சுத் தகரம் வைத்துச் சாய்வுகோடு கீறி, முதல் பட்டையை மாமிதான் சீவினாள். வயதாகிவிட்டது, இப்போது வெட்டப் போவதில்லை, ஆனாலும் முதல் வெட்டு அவளுடையதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் பிடிவாதம் பிடித்தோம். நாத்தனார் மகள் கல்லூரிப் படிப்பு முடித்தவள். கத்தியைக் கேட்டாள். மாமி அவளுக்கும் அதையே சொன்னாள்: "தடியில படப்பிடாது, கேட்டியா." விழுந்த ஒரு மரத்தின் கட்டையை இதற்கென்றே வைத்திருந்தோம். மூன்று வாரம் அதில்தான் அவளுக்குப் பயிற்சி.

இப்போது அவள் காலையில் ஒரு வரிசை வெட்டுகிறாள். கால் இன்னும் சரியாகத் திரும்பவில்லை, ஆனால் ஆழம் பிடித்துவிட்டாள். அதுதான் கஷ்டமான பாதி.

மலைக்கோவிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான், பேருந்து உண்டு. பத்து மணிக்கு வந்து வெயிலில் ஏறாதீர்கள். விடியுமுன் வந்து சேருங்கள், அடிவாரத்துத் தோட்டங்களில் விளக்குகள் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருக்கும். தை, மாசியில் வந்தால் தளிரும் தேனும் கிடைக்கும், ஆனால் பால்வெட்டு இருக்காது. பால்வெட்டுப் பார்க்க ஐப்பசி மழை ஓய்ந்த கார்த்திகை நல்ல காலம், அப்போதுதான் பால் அதிகம். எந்த வெட்டுகாரரிடமும் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள், சிரட்டையைச் சாய்த்துக் காட்டுவார்கள், கத்தியைக்கூடக் கையில் தருவார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், விளைக்குள் கொசு அதிகம். பழைய உடுப்பாக இருக்கட்டும், ரப்பர்ப்பால் பட்டால் கறை போகாது.